காரணம்: வயிற்றுவலி

ஜூன் 9

இன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன், வாசலெல்லாம் குளம். சுகிர்தம் திட்டவில்லை, விளக்குமாற்றை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பத்து மணிக்கு ஹெப்சிபா இரண்டு அட்டைப்பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், இப்போது கல்லூரியில் உளவியல் பேராசிரியை. நம் மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகளிடமும் டென்மார்க் நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள். தற்கொலையைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், உனக்குத் தெரிந்த யாராவது அப்படி இறந்ததுண்டா, வீட்டில் என்ன காரணம் சொன்னார்கள், இதைப் பற்றி யாரிடம் பேசுவாய், உனக்கு அப்படித் தோன்றியதுண்டா. நம் பிள்ளைகள் தமிழில் எழுதியதை நான் வாசித்து வகைப்படுத்தித் தர வேண்டும்.

“பேர் கிடையாது, காலேஜ் பேர் கிடையாது, நம்பர் மட்டுந்தான் சார். வெளிய யாருக்கும் காட்டக் கூடாது” என்றாள்.

முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்தியவனிடம் சொல்ல வேண்டியதே இல்லை. பெட்டிகளை என் மேசைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 12

நாற்பது தாள்கள் முடிந்தன. பாவம் என்று சிலர், கோழைத்தனம் என்று பலர், “குடும்ப மானம் போய்விடும்” என்று அதைவிடப் பலர் எழுதியிருக்கிறார்கள். செத்துடலாம்போல இருக்கு என்று தினமும் பத்துமுறை சொல்வோம், அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருக்கிறாள் ஒருத்தி.

கெசியா கல்லூரியிலிருந்து வந்ததும் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

“இது எந்தக் காலேஜ் பேப்பர்ப்பா?”

“தெரியாதும்மா. தெரியவும் கூடாது.”

“நான் வேணா நம்பர் வாரியா அடுக்கித் தரட்டுமா?”

பொறுப்பான பெண்தான். ஆனால் பரீட்சைத் தாளை வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டுகிற வாத்தியார் நான் இல்லை. மாட்டேன் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

மாலையில் சுகிர்தமும் மகளும் பெண்கள் சங்க ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்தார்கள். மூன்று மாதமாக ஒரு வியாழன் தவறுவதில்லை. இருபது வயதில் இந்தப் பக்தி யாருக்கு வரும்?

ஜூன் 16

கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணல். உயிரோடு இருக்கிறேன் என்று நேரில் காட்டிக் கைரேகை வைத்துவிட்டு வந்தேன். எந்திரம் என் விரலை நாலு தடவை ஏற்கவில்லை. “சுண்ணாம்புக்கட்டி புடிச்ச கை, ரேகையெல்லாம் தேஞ்சிபோச்சு சார்” என்றார் எழுத்தர்.

வரும்போது சாளை மீன் வாங்கினேன். கெசியா தொடவில்லை. வயிறு சரியில்லையாம். ஓமத்திரவம் கொடுத்தேன்.

ஜூன் 19

ஹெப்சிபா தொலைபேசியில் சிரிக்கிறாள். டென்மார்க்கில் இந்த ஆய்வைச் செய்கிற மெட்டே என்ற பெண் கடிதம் எழுதியிருக்கிறாளாம். ‘வீட்டில் சொன்ன காரணம்’ என்ற இடத்தில் இத்தனை பேர் வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறார்களே, உங்கள் மாவட்டத்தில் குடிதண்ணீரைப் பரிசோதித்தார்களா என்று கேட்கிறாளாம்.

“நீங்களே ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க சார். நான் இங்கிலீஷ்ல போட்டு அனுப்புதேன்.”

உட்கார்ந்து எழுதினேன். அதன் நகல் இது:

‘அன்புள்ள மெட்டே, வீட்டுப்பாடம் எழுதாத மாணவன் என்ன சொல்வான்? காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுவோம். கால்வலி என்றால் நடந்து காட்டச் சொல்வோம். வயிற்றுக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அதனால் அவன் வயிற்றுவலி என்பான். எங்கள் ஊரில் குடும்பங்களும் அப்படித்தான். ஒரு பிள்ளை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால், தீராத வயிற்றுவலி என்று சொல்லிவிடுவார்கள். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். மேற்கொண்டு கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.’

ஹெப்சிபாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. உடல்நோய்க் கணக்கில் சேர்க்காமல், ‘மறைப்புச் சொல்’ என்று புதிய வகையே உண்டாக்கிவிட்டோம்.

ஜூன் 21

மெட்டேயின் பதில் வந்துவிட்டது. ‘அப்படியானால், உண்மையிலேயே வயிற்றுவலியால் ஒருவர் இறந்தால் உங்களுக்கு எப்படித் தெரியும்?’

நல்ல கேள்வி. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று எழுதச் சொன்னேன்.

எங்கள் மூத்த மகள் பியூலாவுக்கு வந்தது நிஜமான வயிற்றுவலி. குடல்வால் வெடித்துவிட்டது. இருபத்தொரு வயது. நான் மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோயில் மணி அடித்து, பாடகர் குழு பாடி, சபையார் அத்தனை பேரும் கல்லறைவரை நடந்து வந்தார்கள். பதினொரு வருடம் ஆகிவிட்டது. அந்த அடக்க ஆராதனையை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

ஜூன் 22

ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் பெட்டியில் தாள்கள் கலைந்திருந்தன. நூறுக்கு அடுத்து நூற்று இருபது. நான்தான் அசதியில் மாற்றி வைத்திருப்பேன். கெசியா இன்று தலைவலி என்று கோயிலுக்கு வரவில்லை. சுகிர்தம் துணைக்கு நின்றுகொண்டாள். பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 28

டென்மார்க் பிள்ளைகளின் பதில்கள் சிலவற்றை ஹெப்சிபா மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள். நாம் மூடி மறைக்கிற விஷயத்தை வானிலை அறிக்கைபோல எழுதுகிறார்கள். ‘என் அண்ணனுக்கு மனச்சோர்வு நோய். தற்கொலை செய்துகொண்டான். அவன் பிறந்தநாளுக்கு இன்றும் கேக் வெட்டுவோம்.’ ‘என் தோழிக்கு அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டேன். இருக்கிறது என்றாள். இருவருமாக டாக்டரிடம் போனோம்.’ இன்னொருவன், சாவது அவரவர் உரிமை என்று எழுதியிருக்கிறான். அதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டு ஊர்த் தாள்களையும் ஒப்பிட்டதில் ஒன்று கவனித்தேன். அந்த ஊர்ப் பிள்ளைகள் எதனால் என்று எழுதுகிறார்கள். நம் பிள்ளைகள் யாரால் என்று எழுதுகிறார்கள். மாமியாரால், காதலித்தவனால், கணக்கு வாத்தியாரால். ஒருவர் போனால் இன்னொருவர் குற்றவாளி ஆகியே தீர வேண்டும். இதை ஹெப்சிபாவிடம் சொன்னேன். “சார், இத வச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம்” என்றாள். வகைப்படுத்தும் தாளில் ‘எதனால்’, ‘யாரால்’ என்று இரண்டு கட்டங்கள் சேர்த்துக்கொண்டோம்.

ஜூலை 2

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் மாடிப்படியில் கால் இடறிவிட்டார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை.

சபைத் தண்டனைக்குப் பயந்து மறைத்ததாக ஏழு தாள்கள். இது எனக்குத் தெரிந்த விஷயம். நான் சபைச் செயலராக இருந்தபோது, பதின்மூன்று வருடத்துக்கு முன்பு, தையல்காரர் மகன் அப்படி இறந்தான். தற்கொலை செய்தவரைக் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே அடக்க வேண்டும், மணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் சபையின் பழைய விதி. கமிட்டியில் இரண்டு பேர் தயங்கினார்கள். நான் தீர்மானத்தை எழுதினேன். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். இப்போது அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நல்லதுதான். அன்று இருந்த விதிப்படி நான் பாரபட்சம் இல்லாமல் நடந்தேன்.

ஜூலை 10

நூற்றுத் தொண்ணூறு தாள்கள் ஆயின. கெசியா இன்றைக்கும் கேட்டாள், “இன்னும் எத்தனப்பா பாக்கி?” என்று. அவளுக்கும் ஆராய்ச்சியில் ஆர்வம் வந்துவிட்டதுபோல. மேல்படிப்புக்கு ஹெப்சிபாவிடம் பேச வேண்டும்.

ஜூலை 14

இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள்.

ஜூலை 15

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிட வேண்டும்.

அந்தத் தாளில் இருந்தது இது:

‘என் அக்கா. வீட்டில் சொன்ன காரணம் வயிற்றுவலி. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஊரில் இல்லை. அவர் வந்து கேட்டால் வயிற்றுவலி என்று சொல்ல வேண்டும் என்று அம்மாவும் மாமாவும் என்னை மூன்றுமுறை சொல்லவைத்தார்கள். அப்பா வந்தார், கேட்டார், சொன்னேன். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.’

யாரிடம் பேசுவாய் என்ற கேள்விக்கு:

‘அப்பாவிடம் முடியாது. அவர் நல்லவர், ஆனால் எதைக் கேட்டாலும் உதாரணம் சொல்வார். எங்கள் சபையில் ஒரு அண்ணன் இறந்தபோது, அவருக்கு ஏன் மணி அடிக்கவில்லை என்று அக்கா சாப்பிடும்போது கேட்டாள். கேட்காமல் வகுப்பைவிட்டு எழுந்து போன பையனுக்கு எப்படி வருகை போடுவது என்றார் அப்பா. அக்கா சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவிடம் எதையும் கேட்டு நான் பார்க்கவில்லை.’

கையெழுத்தை நான் கவனிக்கவில்லை. உதாரணம்தான் என்னுடையது. அந்தச் சாப்பாட்டு மேசை, அன்று வைத்திருந்த புளிக்குழம்பு, பியூலா சிரித்தது எல்லாம் வந்துவிட்டது. நல்ல உதாரணம் சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமைகூட.

தாளோடு அடுக்களைக்குப் போனேன். சுகிர்தம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மேசையில் வைத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதையும் வாசித்தாள்.

“பதினோரு வருசம்” என்றேன். “ஒரே கட்டில்ல படுத்திருக்கோம் சுகிர்தம்.”

“ஆமா.”

“போதகருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மணி அடிச்சவருக்கு?”

“எல்லாருக்குந் தெரியும். நீங்க மதுரையில இருந்து பஸ்ஸுல வந்துட்டு இருந்தீங்க. எனக்கு நாலு மணி நேரந்தான் இருந்திச்சு. அதுக்குள்ள எம்பிள்ளைக்கு அழணும், ஒவ்வொருத்தர் காலுலயும் விழணும், சின்னவளுக்குச் சொல்லிக்குடுக்கணும். நீங்க பஸ்ஸவிட்டு இறங்கும்போது அவ சுவருக்கு உள்ளதான்னு முடிவாயிருக்கணும்.”

“என்ட்ட சொல்லியிருக்கலாம்லா? நான் அவ அப்பா.”

“நீங்க செயலர்.”

“எம்பிள்ளைக்கு நான் அப்படி எழுதியிருப்பேனா?”

அவள் கீரையைக் கீழே வைத்தாள். “தையக்காரர் இதே வாசல்ல நின்னு உங்க கையப் புடிச்சிட்டு அழுதாரு. அன்னைக்கு எழுதாம இருந்தீங்களா? உங்க பிள்ளைக்குன்னா மட்டும் மாத்தியிருப்பீங்கன்னு நான் எத வச்சு நம்ப?”

எழுதியிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது எனக்கே தெரியாது. இதுதான் இப்போது என்னைத் தின்கிறது. அவர்கள் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். பதினொரு வருடம் நான் ஆறுதலடைந்தது ஒரு நாடகத்தைப் பார்த்து. கல்லறையில் நான் விழுந்து அழுதபோது சுற்றி நின்ற அத்தனை பேரும் எனக்காகவும் சேர்த்து நடித்துக்கொண்டிருந்தார்கள். இதை எல்லாம் சத்தமாகவே சொன்னேன். கத்தினேன் என்றுதான் எழுத வேண்டும்.

சுகிர்தம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தியதும் தாளை என் பக்கம் திருப்பினாள்.

“கடைசி வரிய வாசிச்சீங்களா, இல்லியா?”

வாசித்திருந்தேன். ‘உனக்கு அப்படித் தோன்றியதுண்டா?’ அதற்கு நேரே, ‘உண்டு. இந்த மாதம்.’ வாசித்துவிட்டு, அதைத் தாண்டிப் பெரியவளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். கால் மணி நேரம் கத்தியிருக்கிறேன். அதில் கெசியாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

“இது ஜனவரியில எழுதுனது” என்றாள் சுகிர்தம். “மார்ச்சுல என்ட்ட வந்து சொல்லிட்டா. வியாழக்கிழம நாங்க எங்க போறோம்னு நினைச்சீங்க?”

“ஜெபக்கூட்டம்…”

“டாக்டர்ட்ட. மனநல டாக்டர். மாத்திர சாப்பிடுதா. அதான் அப்பப்ப வயித்தப் புரட்டுது. நீங்க ஓமத்திரவம் குடுத்தீங்க.”

என் வீட்டில் இரண்டாம் முறை. அதே மனுஷி, அதே காரணம்.

ஹெப்சிபாவைக் கூப்பிட்டேன். யாருடைய தாள் என்று சொல்லாமல்தான் தொடங்கினேன், அவளுக்குப் புரிந்துவிட்டது. “நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன் சார். உங்க வீட்டுப் பிள்ளையும் எழுதியிருக்கலாம்னு எனக்குத் தோணியிருக்கணும்” என்றாள். “இப்ப நேரா கேளுங்க. அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்க. கேக்குறதால எண்ணம் வந்துராது. உதாரணம் மட்டும் வேண்டாம் சார்.”

மாணவி ஆசிரியருக்குச் சொல்கிறாள்.

நாலரைக்குக் கெசியா வந்தாள். மேசைமேல் தாளைப் பார்த்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

“வாசிச்சிட்டீங்க.”

“வாசிச்சிட்டேம்மா.”

“பேர் போட வேண்டாம், யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு மைக்ல சொல்லித்தான் எழுத வச்சாங்க. திருத்துறது எங்க அப்பான்னு யாருமே சொல்லலியே.” சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது அவளுக்கு. “நம்பித்தானப்பா எழுதுனேன். அத உருவிரலாம்னு எத்தன தடவ பெட்டியத் தேடுனேன் தெரியுமா?”

நான் ஏமாற்றப்பட்டவன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பீரோவில் பூட்டிவைத்தது அவளுடைய இரகசியத்தை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஹெப்சிபா சொன்னபடி கேட்டேன்.

“இப்பவும் தற்கொலை எண்ணம் வருதாம்மா?”

“இந்த வார்த்தைய உங்க வாயில இப்பத்தான் கேக்கேன்” என்றாள். பிறகு, “வருது. முன்ன மாதிரி இல்ல. வந்தா அம்மாட்ட சொல்லிருவேன். டாக்டர் நம்பர் போன்ல இருக்கு.”

“என்ட்ட ஏம்மா…”

“அதக் கேக்காதீங்கப்பா. பதிலுக்கு நீங்க எதாவது சொல்வீங்க.”

நாலைந்து உதாரணங்கள் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. அதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

ஜூலை 16

பெட்டிகளை ஹெப்சிபாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில் எந்தக் குறியும் போடவில்லை. இது நான் திருத்தக்கூடிய தாள் இல்லை என்றேன். எதனால் என்ற கட்டத்தைச் சுலபமாகக் காலியாக விட முடிந்தது. யாரால் என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிள்ளை தன் தாளில் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. விட்டுவிட்டாளா, விட்டுக்கொடுத்தாளா தெரியவில்லை.

சுகிர்தத்தோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், சாப்பிட்டேன். அவள் செய்தது சரி என்று ஒரு மணி நேரம் தோன்றுகிறது. அடுத்த மணி நேரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போதகர் எதிரே வந்தார். “என்ன சார், ரெண்டு நாளா நடக்க வரல?” என்றார். பதினொரு வருடமாக இதே சிரிப்பு. பதில் சொல்லாமல் தெருவைக் கடந்தேன்.

ஜூலை 17

வியாழன். மூன்று மணிக்கு அவர்கள் கிளம்பும்போது நானும் சட்டை மாற்றிக்கொண்டு நின்றேன். சுகிர்தம் மகளைப் பார்த்தாள். மகள் என் செருப்பைப் பார்த்தாள்.

“வாங்க. ஆனா வெளியதான் உக்காரணும். உள்ள வரக்கூடாது.”

“சரிம்மா.”

“டாக்டர்ட்ட எதும் கேக்கக்கூடாது.”

“சரி.”

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். வண்ணாரப்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. இருபது படிகள். காத்திருக்கும் இடத்தில் ஆறு நாற்காலிகள். நாலில் கெசியா வயதுப் பிள்ளைகள். ஒரு பையன் கைபேசியில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். ஒரு பெண்ணின் மடியில் கல்லூரிப் புத்தகம். நாற்பது பேர் வகுப்பில் இருந்தால் முகத்தைப் பார்த்தே யார் வீட்டில் என்ன பிரச்சனை என்று சொல்லிவிடுவேன் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். அந்த முகங்களில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கெசியாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து கதவுவரை போய்விட்டாள். நர்ஸ் கையில் கோப்போடு என்னிடம் வந்தாள்.

“நீங்க யாருக்கு வந்திருக்கீங்க சார்?”

“கெசியாவுக்கு. அவ அப்பா.”

“அப்பாவா?” கோப்பைப் புரட்டினாள். “அப்பா வெளிநாட்டுல இருக்காருன்னுல்லா போட்டிருக்கு? நாலு மாசமா அப்படித்தான சொல்லுதாங்க?”

சுகிர்தம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது மூன்றாவது. இந்த முறை என்னை ஊரைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள். நான் ஒரு நாளும் இந்த மாவட்டத்தைவிட்டுப் பிழைக்கப் போனவன் இல்லை, அம்மா, இது தவறான பதிவு, திருத்துங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் சுபாவத்துக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கெசியா கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றாள். உள்ளே போகவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா” என்றேன் நர்ஸிடம். “இப்பத்தான் வந்தேன்.”